ரூபி கில்மேன், டீனேஜ் கிராக்கன்: வீட்டில் பலமுறை பார்த்த பிறகு

2023 ஜூன் 30 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘ரூபி கில்மேன், டீனேஜ் கிராக்கன்’ என்ற அனிமேஷன் படம், எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கிராக்கன் என்ற பேருருவக் கடலுயிரி இனத்தில் பிறந்து, மனிதரிடையே ஒளிந்து வளரும் ரூபி என்ற பள்ளி மாணவியின் கதை இது. விடுமுறை நாட்களில் மகள் தானே தேடிப் போட்டுப் பார்க்கும் சில படங்களில் இதுவும் ஒன்று என்பதால், வெளியானபோது விமர்சகர்கள் சொன்னவற்றில் எவை இன்றும் நிற்கின்றன என்று எழுதத் தோன்றியது.

ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்காகக் கிர்க் டிமிக்கோ இயக்கிய இப்படம், சுமார் 7 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகம் முழுவதும் 5 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் ஐந்தாம் படம் வெளியான அதே நாளில் வந்தது. முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் கிடைத்தது ஏறத்தாழ 55 லட்சம் டாலர் மட்டுமே. விமர்சனங்களில் பெரும்பகுதி சாதகமானவைதான் என்றாலும், பாராட்டியவர்களும் அடக்கியே பாராட்டினார்கள். மனிதரிடையே ஒளிந்து வாழும் கடலுயிரியைப் பிக்ஸாரின் ‘லூக்கா’ 2021-இலும், பருவ வயதில் உருமாறும் பெண்ணை அவளுடைய தாயோடும் பாட்டியோடும் சேர்த்து ‘டர்னிங் ரெட்’ 2022-இலும் காட்டிவிட்டன என்பதே முக்கியமான குறை. அது உண்மைதான். ஆனால் எந்தப் படம் முதலில் வந்தது என்ற கணக்கு குழந்தைகளிடம் இல்லை. அந்த இரண்டையும் பார்த்த என் மகள் அவற்றோடு இதையும் விரும்புகிறாள்.

திரும்பத் திரும்பப் பார்க்கையில் வலுக்கூடுவது ரூபி, அவளுடைய தாய் அகதா, பாட்டி ஆகிய மூவரின் கதை. கடலின் போர்வீராங்கனையாக இருந்த அகதா, மகளுக்காக அதையெல்லாம் விட்டுக் கரையேறி, ஓஷன்சைடு என்ற ஊரில் வீடு விற்கும் வேலை பார்க்கிறாள். நீல நிறத் தோலைப் பற்றிக் கேட்பவர்களிடம், தாங்கள் கனடாக்காரர்கள் என்று குடும்பமே சொல்லிச் சமாளிக்கிறது. கடலில் இறங்கவே கூடாது என்பது அகதா விதித்த தடை. தண்ணீரில் விழுந்த, தனக்குப் பிடித்த பள்ளித் தோழன் கானரைக் காப்பாற்ற ரூபி அதை மீறிக் குதிக்கிறாள். அதன்பின் பள்ளி நூலகத்தில் அவளுடைய கைகால்கள் கட்டுக்கடங்காமல் வீங்கிப் பெருகும் காட்சியில், தன் உடலை எங்கே ஒளிப்பது என்று தெரியாத தவிப்பு அந்த முகத்தில் அப்படியே தெரிகிறது. மேலே இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அவள் அஞ்சும் அதே பேருருவத்தைக் கடலடியில் பாட்டி பெருமையோடு வரவேற்கிறாள். இந்த வேறுபாட்டைப் படம் வசனத்தைவிட நிறத்தாலும் உருவ அளவாலும் சொல்கிறது. கண்ணிலிருந்து பாயும் லேசர் ஒளியை மட்டுமே முன்பு ரசித்த மகள், அம்மா ஏன் முன்னமே உண்மையைச் சொல்லவில்லை என்று இப்போது கேட்கிறாள். அகதாவுக்குக் குரல் கொடுத்த டோனி கோலெட், பாட்டிக்குக் குரல் கொடுத்த ஜேன் ஃபோண்டா ஆகிய இருவரின் பங்களிப்பு, காட்சிகள் பழகிய பிறகுதான் முழுமையாகக் காதில் விழுகிறது.

நாளாக ஆகச் சலித்துப்போகும் பகுதிகளும் உண்டு. ரூபியின் புதிய தோழியாக வரும் செல்சீயின் உண்மை முகம் முன்னோட்டத்திலேயே தெரிந்துவிட்டதால், அந்தத் திருப்பத்துக்குத் தொடக்கத்திலிருந்தே பலமில்லை. கடற்கன்னியை நாயகியாகக் கொண்ட டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ புதிய வடிவில் வந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், செல்சீ என்ற செந்நிறக் கூந்தல் கொண்ட கடற்கன்னியை வில்லியாக்கியது அன்று பேசப்பட்டது. இன்று வீட்டில் பார்ப்பவர்களுக்கு அது தனிச் சுவை எதையும் தருவதில்லை. கிராக்கன்களுக்கும் கடற்கன்னிகளுக்கும் இடையிலான பகையை அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள். பள்ளித் தோழர்களுக்குக் கதையில் உருப்படியான வேலையே இல்லை. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்து, அதைத் தாயும் பாட்டியும் பேசிக்கொள்ளும் இடங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் எனக்கு எழுகிறது.

இறுதிச் சண்டையின் இரைச்சல் மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துவிட்டுப் போகாமல், அம்மாவும் முடிந்தால் பாட்டியும் கூடவே அமர்ந்து பார்க்க வேண்டும்.