எச்டிஆர்ஐ படமா, மூன்று விளக்கா?

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எச்டிஆர்ஐ படத்தை, அதாவது ஓர் இடத்தைச் சுற்றிலும் 360 டிகிரிக்கு அதன் ஒளி அளவோடு பதிந்த படத்தைப் போட்டால், கதாபாத்திரத்துக்கு ஒளியும் பின்னணியும் ஒருசேரக் கிடைத்துவிடும். படத்தைச் சுழற்றினால் வெயிலின் திசையும் மாறும். சிக்கல் கேமராவில்தான். 85 மி.மீ. லென்ஸில் முகத்தை நெருங்கினால் சட்டகத்துக்குள் வருவது ஏறத்தாழ 24 டிகிரி. 360 டிகிரியையும் அடக்கிய 4096 பிக்சல் அகலப் படத்தில் அது 270 பிக்சல் அளவே. பின்னணி கூழாகிவிடும். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் பின்னணி அசையாது. கதாபாத்திரம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும்.

முதன்மை, நிரப்பு, பின்விளக்கு என மூன்றையும் நாமே வைப்பது நேரம் தின்னும் வேலை. ஆனால் பின்விளக்கைச் சற்று கூட்டினால் கருங்கூந்தல் இருட்டிலிருந்து பிரிந்து நிற்கும். பலகைபோல் பரந்து ஒளிவீசும் ஏரியா விளக்கைப் பெரிதாக்கினால் மூக்கின் நிழல் மென்மையாகும். முகபாவம் முக்கியமான காட்சிக்கு என் ஓட்டு இதற்கே. எச்டிஆர்ஐயை மங்கலாக, கண்மணியில் பிரதிபலிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரெண்டர் அமைப்புகளில் உள்ள 'டிரான்ஸ்பரன்ட்' தேர்வு அதைப் பின்னணியிலிருந்து மறைத்துவிடும்.