இருமை விதிக்கு நல்ல துணை: ராமநாதபுரம் பஜாரில் கிடைக்கும் லாஜிக் கேட் கிட்

பிரெட்போர்டு, 5 வோல்ட் சப்ளை, எல்இடிகள், 7404, 7408, 7432 சிப்கள். பூலியன் இயற்கணிதத்தில் சரியான ஒரு சமன்பாட்டில் அண்டை ஆராகவும் ஆரை அண்டாகவும், 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றினால் கிடைப்பதும் சரியாகவே இருக்கும், இதுதான் இருமை விதி. அதைக் கண்ணால் பார்க்க இவ்வளவே போதும். அண்ட் கேட்டான 7408-க்கும் ஆர் கேட்டான 7432-க்கும் பின்களின் (சிப்பின் கால்களின்) அமைப்பு ஒன்றுதான். இந்தக் கிட்டின் அருமையே அதுதான்.

முதலில் ஏ + (ஏ′·பி) சுற்றைக் கட்டுங்கள் (+ என்றால் ஆர், · என்றால் அண்ட், ′ என்றால் 7404 தரும் தலைகீழ்). விடை ஏ + பி. பிறகு சப்ளையை அணைத்து, வயரைத் தொடாமல் 7408, 7432 இரண்டையும் இடம் மாற்றுங்கள். சுற்று ஏ·(ஏ′ + பி) ஆகிவிடும், விடை ஏ·பி. நிலையான 1 எங்காவது இருந்தால் அதைக் கிரவுண்டுக்கும், நிலையான 0 இருந்தால் அதை 5 வோல்ட்டுக்கும் மாற்ற வேண்டும். மாறிகளைத் தலைகீழாக்கக் கூடாது. மாறிகளையும் தலைகீழாக்கும் டி மார்கன் விதியோடு பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. அடைப்புக்குறியை விட்டால் ஏ + பி·சி-யின் இருமை தப்பாகிவிடும். சரியானது ஏ·(பி + சி).

நாண்டு 7400-ஐயும் நார் 7402-ஐயும் இப்படி மாற்றாதீர்கள். இரண்டின் பின் அமைப்பும் வேறு, 7402-இல் வெளியீடு 1-ஆம் பின்னில் இருக்கிறது.

குறை, கிட்டோடு வரும் கையேட்டில் இது எதுவுமே இல்லை. மண்டபம், கீழக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பின்கள் கறுத்துத் தொடர்பு விட்டுப்போகும். டிடிஎல் (டிரான்சிஸ்டர்களால் ஆன லாஜிக் வகை) சிப்பில் தொடர்பற்ற உள்ளீடு 1 போலவே நடக்கும், நீங்கள் எடுக்கும் மெய் அட்டவணை பொய் சொல்லும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.