ஃபீல்டு புக்: கோதுமையும் பீன்ஸும் அளக்க நான் நம்பும் செயலி

ரகம் உருவாக்கும் வேலைக்கு வரும் மாணவர்கள், எந்த மென்பொருளை முதலில் கற்றுக்கொள்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. மரபணு வரிசையை அலசும் பெரிய மென்பொருளின் பெயர் ஏதாவது வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் ஃபீல்டு புக்கைத்தான் சொல்வேன். வயலில் பாத்தி பாத்தியாக நடந்து குறிப்பெடுக்கும் செயலி அது. கோதுமையிலும் பீன்ஸிலும் இதை வைத்து வேலை செய்த அனுபவத்தில் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோதுமை மரபியல் ஆய்வுக்கூடத்தில் ட்ரெவர் ரைஃபும் ஜெஸ்ஸி போலண்டும் உருவாக்கியது இது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2014-இல் வெளியானது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் டேப்லெட்டிலும் ஓடும். இலவசம், மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இணைய இணைப்பு இல்லாத வயலிலும் வேலை நிற்காது. உருவாக்கியவர்கள் தாங்களே கோதுமைப் பாத்திகளுக்கு நடுவே நின்றவர்கள் என்பது ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது.

குறிப்பெடுக்கும் செயலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பீன்ஸின் மரபணுத் தொகுதி 2014-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 27,000 மரபணுக்கள். கோதுமைக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,600 கோடி டிஎன்ஏ எழுத்துகளுக்கு அருகில் நீளும் தொகுதி, மூன்று மூதாதைத் தாவரங்களின் தொகுதிகள் ஒன்றுசேர்ந்து 42 குரோமோசோம்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். இவ்வளவும் இன்று கணினியில் கிடைக்கின்றன. ஆனால் எந்த மரபணு எந்தப் பண்பைத் தருகிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பண்பை யாராவது செடியில் சரியாக அளந்திருக்க வேண்டும். தேர்வினால் கிடைக்கும் முன்னேற்றம், தேர்ந்தெடுத்தவற்றுக்கும் மொத்தக் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மரபுவழித்தன்மையால், அதாவது செடிகளுக்கு இடையிலான மாறுபாட்டில் மரபணுக்களால் வரும் பங்கால், பெருக்கினால் வருவது. அளவில் பிழை சேரச் சேர மரபுவழித்தன்மையின் மதிப்பு இறங்கும். பாத்தி எண்ணை மாற்றி எழுதியதும், மறுநாள் நினைவிலிருந்து எழுதியதும், ஈரத்தில் அழிந்த பென்சில் எழுத்தும் கணக்கில் சூழலின் மாறுபாடாகவே போய் உட்காரும். நல்ல மரபணுவைத் தாங்கிய வரிசை (ஒரே வழிவந்த செடிகள்) அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். இந்தச் செயலியை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பிழையை இது குறைக்கிறதா?

குறைக்கிறது. முதல் காரணம், வயலுக்குப் போகும் முன்பே இது நம்மை ஒழுங்குபடுத்துகிறது. ஒவ்வொரு பாத்திக்கும் தனித்துவமான அடையாளம் ஒன்று, வரிசை எண் ஒன்று, பாத்தி எண் ஒன்று என்று கோப்பு தயாராக இருந்தால்தான் உள்ளே சேர்க்க முடியும். அடையாளம் இரண்டு இடத்தில் வந்தால் ஏற்காது. ஆரம்பத்தில் இது கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் அறுவடைக்குப் பிறகு வர வேண்டிய குழப்பம் விதைப்புக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. திரையின் மேற்பகுதியில் வம்சாவளி, ரகத்தின் பெயர், மறுபிரதி எண் (அதே ரகத்தை எத்தனையாவது முறையாக விதைத்த பாத்தி) என்று வேண்டியதைக் காட்டச் செய்யலாம். நான் வம்சாவளியை வேண்டுமென்றே மறைத்துவைக்கிறேன். பெற்றோர் யார் என்று தெரிந்தால் கை தானாகவே நல்ல மதிப்பெண் பக்கம் போகும். என் கையும் அப்படித்தான். பாத்தியின் அட்டையில் பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டியிருந்தால், அதை வருடியதும் அந்தப் பாத்தியின் பக்கத்துக்கே போய்விடலாம்.

அளக்கும் பண்புகளை வகை பிரித்திருப்பதில்தான் இதன் அறிவு இருக்கிறது. எண், தேதி, சதவீதம், வகை, ஆம்-இல்லை, எண்ணிக்கை, படம், ஒலிப்பதிவு, நோய் மதிப்பீடு என்று தனித்தனி. கோதுமையில் கதிர் வெளிவரும் நாளுக்குத் தேதி வகை. பாத்தியில் பாதிக் கதிர்கள் கொடி இலையின் (கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலை) உறையிலிருந்து வெளியே வந்த நாளில் ஒரு தொடுகை போதும். வேண்டுமானால் தேதியை ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாகவும் சேமிக்கலாம். பூப்பதற்கான குளிர்த்தேவையை ஆளும் விஆர்என் மரபணுக்களையும் பகல் நீளத்தை உணரும் பிபிடி மரபணுக்களையும் ஆராய்பவர்களுக்கு அந்த எண்தான் வேண்டும். செடி சாய்ந்திருப்பதைச் சதவீத வகையில் இழுத்து வைக்கலாம். உயரத்துக்கு எண் வகை, அதற்குக் குறைந்த எல்லையும் அதிக எல்லையும் கொடுத்துவிடலாம். நோரின் 10 என்ற ஜப்பானியக் கோதுமை ரகத்திலிருந்து வந்த இரண்டு குட்டை மரபணுக்களும் ஒரே செடியில் சேர்ந்தால் உயரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே கலப்பின் இரண்டாம் தலைமுறையில் மிகக் குட்டையும் உண்டு, மிக நெட்டையும் உண்டு. எல்லையை இறுக்கிவைத்தால் உண்மையான குட்டைச் செடியைச் செயலி தடுத்துவிடும். தளர்த்தினால் 85 என்பதற்கு 850 என்று விரல் தவறினாலும் நுழைந்துவிடும். பெற்றோர் இருவரின் உயரத்தையும் பார்த்து எல்லையைத் தீர்மானியுங்கள்.

கோதுமையில் துரு நிறக் கொப்புளங்களை உண்டாக்கும் பூஞ்சை நோயான துருவுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வகைக்காகவே செயலியை நிறுவலாம். துருவுக்கு இரண்டு விஷயங்களைச் சேர்த்தே எழுத வேண்டும்: இலையில் எவ்வளவு பரவியிருக்கிறது, செடி அதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது. பரவலை 0 முதல் 100 வரை திருத்திய காப் அளவில் எழுதுவோம். இந்த அளவில் 100 என்றால் இலை முழுவதும் துரு என்று பொருளல்ல. இலைப்பரப்பில் 37 சதவீதத்தைக் கொப்புளங்கள் மூடியிருந்தாலே 100. புதிதாக வருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எதிர்வினைக்கு ஆர் (எதிர்ப்பு), எம்ஆர் (ஓரளவு எதிர்ப்பு), எம்எஸ் (ஓரளவு பாதிப்பு), எஸ் (முழுப் பாதிப்பு) என்ற குறிகள். நோய் மதிப்பீட்டு வகையில் எண் பொத்தான்களும் எழுத்துப் பொத்தான்களும் ஒரே திரையில் இருப்பதால் 40 எம்எஸ் என்பது இரண்டே தொடுகை. பிறகு எதிர்வினைக்கு உரிய மதிப்பால், அதாவது எம்எஸ்ஸுக்கு 0.8-ஆல் பெருக்கினால் பரவலையும் எதிர்வினையையும் ஒரே எண்ணாக்கும் தொற்றுக் குணகம் 32 என்று வந்துவிடுகிறது.

ஒரே ஒரு நாள் மதிப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நல்ல மரபணுக்களை இழக்கிறார்கள். எல்ஆர்34 அப்படிப்பட்ட ஒன்று. 7டி குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவை 2009-இல் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, பொருள்களைக் கடத்தும் புரதம் ஒன்றை அது உருவாக்குவது தெரிந்தது. இலைத் துரு, மஞ்சள் துரு, தண்டுத் துரு, சாம்பல் நோய் என்று பல நோய்களுக்கும் ஓரளவு தடை தரும். முற்றாகத் தடுக்காது, பரவும் வேகத்தைத்தான் குறைக்கும். வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பல நாள் இடைவெளிகளில் அதே பாத்திகளுக்குத் திரும்ப வேண்டும். நான் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் இலைத்துரு-1, இலைத்துரு-2, இலைத்துரு-3 என்று தனித்தனிப் பண்பு வைத்துக்கொள்கிறேன். முந்தைய எண்ணைப் பார்க்காமல் புதிதாக மதிப்பிட இது உதவுகிறது. மதிப்பிட்ட காலம் முழுவதும் சேர்ந்த நோயின் அளவைக் காட்டும் நோய் வளர்ச்சிக் கோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட இந்த எண்கள் அப்படியே போதும். கூடவே ஆம்-இல்லை வகையில் இரண்டு பண்புகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, கொடி இலையின் நுனி காய்ந்திருக்கிறதா. எல்ஆர்34 இருப்பதற்கான கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அது. மற்றொன்று, கதிரின் உமியிலும் மேல் கணுக்களுக்குக் கீழும் கருமை படர்ந்திருக்கிறதா. தண்டுத் துருவைத் தாங்கவைக்கும் எஸ்ஆர்2 மரபணுவோடு சேர்ந்து வருவது. சூழலைப் பொறுத்து இரண்டும் சில ஆண்டுகளில் மங்கலாகத் தெரியும். ஆகவே டிஎன்ஏவைக் கொண்டு மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் மரபணுக் குறியீட்டுச் சோதனைக்கு இவை மாற்றாகாது. ஆனால் எந்த வரிசைகளைச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க நல்ல துணை.

கோதுமைக்காரர்கள் செய்த செயலி பீன்ஸுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வகைப் பண்புகளை நன்றாக யோசித்து அமைத்தால் பொருந்துகிறது. பீன்ஸில் வளர்ச்சி முறை நான்கு: நுனியில் பூத்து வளர்ச்சி நின்றுவிடும் குத்துச்செடி, நிமிர்ந்து தொடரும் குத்துச்செடி, படரும் செடி, ஏறும் கொடி. இதை 1 முதல் 4 வரை எண்ணாக எழுதினால் கணினி சராசரி எடுத்து 2.5 என்று பொருளற்ற ஒன்றைக் கொடுக்கும். வகையாகவே எழுத வேண்டும். முதல் வகைக்குப் பின்னால் இருப்பது ஃபின் என்ற ஒற்றை மரபணு.

வைரஸ் நோயில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். பீன்ஸ் தேமல் வைரஸைத் தடுக்கும் ஐ என்ற ஓங்கு மரபணு இருக்கும் செடியில் தேமல் தெரியாது. ஆனால் அதன் உறவான, திசுக்களைக் கருக்கும் வைரஸ் தாக்கினால் ஐ மட்டும் உள்ள செடி நரம்புகள் கருகி, வேர் கறுத்துச் செத்தே போகும். 1 முதல் 9 வரையான அளவில் அதற்கு மிக மோசம் என்று 9 போட்டுவிட்டு நகர்ந்தால், தேமலால் சுருண்ட செடியும் இதுவும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். மரபியலில் இரண்டும் நேர் எதிர்: ஒன்றில் ஐ மரபணு இல்லை, மற்றொன்றில் இருக்கிறது. பிசி-3 என்ற ஒடுங்கு மரபணுவை அதனோடு சேர்த்தால் அந்தக் கருகலும் நின்றுவிடும். எனவே தேமல், கருவேர், இரண்டும் இல்லை என்று மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறேன். இனி எண்ணில் எழுதச் சொன்னால் மறுத்துவிடுவேன்.

இதே காரணத்தால் நான் பெரிதும் மதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. தரவு இல்லை என்று குறிக்கும் பொத்தான் அது. வெற்றிடம் என்றால் இன்னும் பார்க்கவில்லை. பூஜ்யம் என்றால் பார்த்தேன், எதுவும் இல்லை. தரவு இல்லை என்றால் பார்த்தேன், அளக்க வழியில்லை. காகிதத்தில் இந்த மூன்றும் ஒரே கோடாகிவிடும். பீன்ஸ் இரண்டு இடங்களில், மெசோஅமெரிக்காவிலும் ஆண்டிஸிலும், தனித்தனியாகப் பயிராக்கப்பட்டது. இந்த இரண்டு கூட்டங்களையும் கலக்கும்போது டிஎல்1, டிஎல்2 என்ற மரபணுக்கள் சந்தித்தால் முதல் தலைமுறைச் செடி குன்றி, சில சமயம் செத்தே போகிறது. அங்கே விளைச்சல் பூஜ்யம் என்று எழுதினால் அந்தக் கலப்பின் மதிப்பையே தவறாகக் கணிப்போம். விளைச்சலில் தரவு இல்லை, நிலை என்ற தனிப் பண்பில் கலப்பினக் குன்றல் என்று இருக்க வேண்டும். செடியின் படமும் எடுத்துவிடுங்கள், பாத்தி அடையாளத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படும்.

கலப்பு செய்பவர்களுக்கு இதே குழுவின் இன்டர்கிராஸ் செயலி இருக்கிறது. தாயின் பட்டைக்குறி, தந்தையின் பட்டைக்குறி என்று வருடினால் கலப்புக்கு ஓர் அடையாளம் உருவாகும். கோதுமையின் ஒரு சிறுபூவில் மூன்று மகரந்தப்பைகள், பீன்ஸ் பூவில் பத்து. இரண்டிலும் அவை வெடிக்கும் முன்பே மொட்டில் எடுத்தாக வேண்டும். இடுக்கி பிடித்த கையால் சீட்டு எழுதுவது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

இது செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். புள்ளியியல் செய்யாது. வயலின் ஒரு ஓரம் வளமாக இருந்தால் அதைத் திருத்தித் தராது. ஒப்பீட்டு ரகங்களைச் சரியான இடைவெளியில் வைக்காத சோதனையைக் காப்பாற்றாது. இரண்டாம் தலைமுறையில் தனிச் செடியின் விளைச்சலை எவ்வளவு அழகாகப் பதிந்தாலும் அதன் மரபுவழித்தன்மை குறைவுதான்; அந்த நிலையில் உயரம், பூக்கும் நாள், நோய் இவற்றுக்கு நேரத்தைச் செலவிடுங்கள். ஆண்ட்ராய்டு இல்லாத கைபேசி வைத்திருப்பவர்கள் வேறு கருவி தேட வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் மலிவான டேப்லெட் திரைகள் தெரியாமல் போகின்றன. அதனால் நான் காலையில்தான் துரு மதிப்பிடுகிறேன், ஒளி பக்கவாட்டில் விழும்போது கொப்புளங்களும் நன்றாகத் தெரிகின்றன.

தரவை வெளியே எடுக்கும்போது இரண்டு வடிவங்கள் கிடைக்கும். பாத்திக்கு ஒரு வரி, பண்புக்கு ஒரு நெடுவரிசை என்ற அட்டவணை வடிவத்தைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். தரவுத்தள வடிவத்தையும் கட்டாயம் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு அளவும் எந்த நேரத்தில், யாரால் பதியப்பட்டது என்பது அதில் இருக்கிறது. ஒரே பாத்திக்கு ஒருவர் 30 போட்டால் இன்னொருவர் 40 போடுவது துரு மதிப்பீட்டில் சகஜம். மதிப்பிட்டவரின் பெயர் தரவில் இருந்தால் பகுப்பாய்வில் அதையும் ஒரு காரணியாகச் சேர்த்து, அவருடைய கையின் சாய்வைப் பிரித்துவிடலாம். அதற்குப் பிறகே மரபணுக் குறியீட்டுத் தரவோடு இணைக்கிறேன். விதைப்புக்கு முன் கொடுத்த அடையாளத்தை இலை மாதிரிகளுக்கும் கொடுத்திருந்தால் இணைப்புக்குச் சில நிமிடங்கள் போதும்.