பழைய டூரிஸ்ட் லிமோசினின் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று 1,850 டாலரை விழுங்கிவிட்டார்கள். உஷாராக இருங்கள்!

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,850 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். பழைய வண்டிகளின் வரலாற்றைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் சேவைக்குக் கொடுத்தேன். நேற்று ராத்திரி அவர்களிடமிருந்து மெயில் வந்தது: உங்கள் ஆர்டர் முடிந்துவிட்டது, இனி இது சம்பந்தமாக எங்களைத் தொடர்பு கொள்ள வேண்டாம். அவ்வளவுதான். தூக்கம் வரவில்லை.

பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்களில் பழைய கார் வாங்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி. என்னிடம் இருப்பது செக்கர் ஏரோபஸ். பழைய நியூயார்க் காட்சிகளில் உருண்டையாக, மஞ்சளாக ஒரு டாக்சி வருமே, அதே செக்கர் கம்பெனி. மிச்சிகன் மாநிலத்தில் கலமாசூ என்ற ஊரில் ஃபேக்டரி. 1982-ல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த டாக்சியை இழுத்து நீட்டி, 1962-ல் ஏரோபஸ் என்று கொண்டுவந்தார்கள். ஒன்பது பேர் உட்காரும் ஆறு கதவு வண்டி ஒன்று, பன்னிரண்டு பேர் உட்காரும் எட்டுக் கதவு வண்டி இன்னொன்று. ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றவும், ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டவும் வாங்கினார்கள். என்னுடையது எட்டுக் கதவு. ஒரு பக்கத்தில் நாலு கதவும் வரிசையாகத் திறந்து நிற்கும் அழகைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா நகர மாட்டார்கள். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், 1967 என்று இருக்கிறது. உள்ளே செவர்லே வி8 என்ஜின்.

கொலராடோவில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்தேன். "தாத்தா ஏலத்தில் எடுத்தது, அதற்கு முன்னாடி மலைப் பக்கம் டூரிஸ்ட் ஓட்டியதாம்" என்பதற்கு மேல் விற்றவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. வாங்கிவந்த பிறகு, இரண்டாவது கதவில் வெள்ளைப் பெயின்ட் உப்பிக்கொண்டிருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன். அடியில் கரும்பச்சை. அதன்மேல் மங்கலான தங்க நிறத்தில், கையால் எழுதிய எழுத்து. டூர்ஸ் என்பது தெளிவாகப் படிக்க முடிந்தது. அதற்கு முன்னால் கம்பெனி பெயர் இருந்திருக்க வேண்டும். அதில் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம், மீதியை யாரோ எப்போதோ கிரைண்டர் போட்டு வழித்துவிட்டார்கள். யார் வைத்திருந்த வண்டி, எந்த மலையில் ஏறி இறங்கியது, எத்தனை குடும்பங்கள் இந்த சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கும்? அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை.

அப்படித் தேடும்போதுதான் இந்த சேவை கண்ணில் பட்டது. ஃபேக்டரி பதிவு, முதல் டெலிவரி, அடுத்தடுத்த ஓனர்களின் பெயர், அந்தக் காலத்துப் புகைப்படம் எல்லாம் தொகுத்து, பைண்ட் செய்த ஃபைலாக அனுப்புவார்களாம். உடனே பணம் கட்டவில்லை. முதலில் வீடியோ காலில் பேச வேண்டும் என்றேன். அந்த சேவையின் ஆள் ஒருவன் பேசினான். அந்த ஒரு காலில்தான் நான் விழுந்தேன்.

வண்டியைச் சுற்றி போனைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னான். டேப் எடுத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை அளக்கச் சொன்னான். மண்டிபோட்டு அளந்து 189 இஞ்ச் என்றேன். "சரிதான், பன்னிரண்டு சீட்டு. ஒன்பது சீட்டு வண்டியாக இருந்தால் 154 சொச்சம்தான் வரும்" என்று நான் வாய் திறப்பதற்குள் சொன்னான். அது உண்மை! பிறகு கதவில் இருந்த எழுத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்தக் கையெழுத்தை நான் வேறு ஒரு வண்டியிலும் பார்த்திருக்கிறேன், ஓனர் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம்" என்றான். இத்தனை தெரிந்த ஒருவன் என் வண்டியைப் பார்த்து இப்படிச் சொல்கிறானே என்று என் மனைவியைக் கூப்பிட்டுப் போனில் அவன் முகத்தைக் காட்டினேன். அவளுக்கும் நம்பிக்கை வந்தது.

750 டாலர் முன்பணம். மூன்று வாரம் கழித்து, "கம்பெனி கிடைத்துவிட்டது, ஆவணங்களை எடுக்கச் செலவாகும்" என்று இன்னொரு 1,100. மொத்தம் 1,850. கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்களாம், கமிஷன் அதிகமாம். ஆளுக்கு ஆள் நேரடியாகப் பணம் அனுப்பும் செயலி வழியாக அனுப்பச் சொன்னான்.

அதன்பின் போன் எடுப்பது நின்றது. மெயில் போட்டால், ஆவணக் காப்பகத்தில் வரிசை நீளம் என்று பதில். பிறகு, எங்கள் ஆய்வாளர் பயணத்தில் இருக்கிறார். பிறகு, பைண்டிங் நடக்கிறது. ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு பெயர் கையெழுத்து, ஆனால் எழுத்து நடை ஒன்றே.

ஒரு வழியாக ஃபைல் வந்தது. தடித்த அட்டை, பளபளப்பான தாள். பிரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதல் பத்துப் பக்கம் கொலராடோவில் இருக்கும் பைக்ஸ் பீக் மலைச் சாலையைப் பற்றி. ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற தொழிலதிபர் 1916-ல் அந்தச் சாலையை முடித்தது, 1918-ல் பிராட்மூர் ஹோட்டல் திறந்தது, இதெல்லாம் உண்மைதான், யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் தேடிப் படிக்கலாம். என் வண்டி அந்தச் சாலையில் ஓடியதற்கு ஒரு வரி ஆதாரம் இல்லை. அடுத்து, "உங்கள் வண்டி இருந்த அணிவகுப்பு" என்று ஒரு முழுப்பக்கப் படம். அது செக்கரே இல்லை ஐயா! மேலே கேன்வாஸ் கூரையைச் சுருட்டிவிட்ட, வைட் கம்பெனியின் 706 மாடல் பஸ். 1936-லிருந்து 1939-க்குள் தயாரித்து யெல்லோஸ்டோன், கிளேசியர் மாதிரி தேசியப் பூங்காக்களில் ஓட்டியது. கிளேசியரில் சிவப்பு நிறத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. அதற்கும் 1967 செக்கருக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு படத்தில் இருப்பது ஏரோபஸ்தான், ஆனால் ஆறு கதவு. கீழே "உங்கள் வாகனம், பணியில் இருந்தபோது" என்று எழுதியிருக்கிறான். கதவை எண்ணிப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. தொழில்நுட்ப விவரம் என்ற பக்கத்தில் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 120 இஞ்ச் என்று போட்டிருக்கிறது. அது சாதாரண செக்கர் டாக்சியின் அளவு. என்னை மண்டிபோட வைத்து 189 என்று அளக்கச் சொன்ன அதே ஆள்! என்ஜின் கான்டினென்டல் ஆறு சிலிண்டர், ஒரிஜினல் என்கிறது. 1965-லேயே செக்கர் செவர்லே என்ஜினுக்கு மாறிவிட்டது. பானட்டைத் திறந்து காட்டியதையும் அவன் பார்த்தான்.

இதெல்லாம் போகட்டும், அவசரத்தில் கலந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பதினேழு இலக்க வின் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் போட்டு, அதை வைத்து டேட்டாபேஸில் தேடியதாக ஒரு பக்கம் இருக்கிறது பாருங்கள், அது அப்பட்டமான பொய். அமெரிக்காவில் பதினேழு இலக்க வின் கட்டாயமானது 1981 மாடலிலிருந்துதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சின்னதாக ஒரு சீரியல் நம்பர் அடித்தது. என் வண்டித் தகட்டில் இருப்பதும் அப்படி ஒரு சின்ன நம்பர்தான், அதை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். இல்லாத நம்பரை உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறான்.

ஓனர்களின் பெயரும் விலாசமும் தருகிறேன் என்றானே, அதையும் விசாரித்தேன். மோட்டார் வாகன அலுவலகப் பதிவில் இருக்கும் தனிநபர் விவரத்தை, சட்டம் சொல்லும் சில காரணங்களைத் தவிர, வெளி ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1994-லேயே அமெரிக்க மத்திய சட்டம் இருக்கிறது. ஆசைக்காகப் பூர்வீகம் தேடுவது அந்தக் காரணங்களில் வராது. ஃபைலில் டூர் கம்பெனி என்று ஒரு பெயர் கொடுத்திருக்கிறான். கதவில் மிஞ்சிய அந்த இரண்டு எழுத்தோடு அது பொருந்தவே இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அந்த எழுத்தை நான் எவ்வளவு பொத்திப் பொத்தித் தேய்த்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

தவறுகளையெல்லாம் பட்டியல் போட்டு, படத்தோடு அனுப்பினேன். "வரலாற்று ஆய்வு என்பது விளக்கங்களுக்கு உட்பட்டது" என்று பதில். ஆறு கதவா எட்டுக் கதவா என்பதில் என்ன விளக்கம்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஆய்வுக்கான உழைப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது." போனில் பிடிக்கலாம் என்று கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, அவர் இங்கே வேலை செய்வதில்லை என்றார். அடுத்த நாளே அதே ஆள் முகத்தோடு புது விளம்பரம் ஓடுகிறது. பேங்கில் கேட்டதற்கு, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். 1,850 டாலர்! அந்தக் காசில் எட்டுக் கதவுக்கும் புது ரப்பர் பீடிங் போட்டிருப்பேன், பிரேக் வேலையையும் முடித்திருப்பேன்.

நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி-யில் ஆன்லைன் புகார் கொடுத்தாயிற்று. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் போயிருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆனால் இப்போது உட்கார முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

1981-க்கு முந்தைய வண்டிக்கு "வின் ரிப்போர்ட்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கார்டு வாங்காத இடத்தில் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். டைட்டில் ஹிஸ்டரி வேண்டுமென்றால் ஓனரான நீங்களே உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள். எவ்வளவு பழையது கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் கட்டணம் இவன் கேட்டதில் ஒரு துளிகூட இருக்காது. வண்டி ஓடிய ஊர் தெரிந்தால் அந்த ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாளும், கடை கம்பெனி பெயர் போட்ட சிட்டி டைரக்டரியும் இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் எழுத்து கிடைத்தால் யாருக்கும் அனுப்பும் முன் நீங்களே ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு யாராவது இதே மாதிரி ஃபைல் வாங்கியிருந்தால் உடனே எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். அந்தக் கேன்வாஸ் கூரை பஸ் படம் உங்கள் ஃபைலிலும் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.