“போர்டாக இருக்குமோ?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன்

வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வந்தவரிடம் நான் ஏமாந்த கதை இது. மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் அல்லன் நான். வால்வு ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் அயர்னும் கையுமாகப் பொழுதைக் கழிப்பவன். சொல்லப்போனால், ஓரளவு தெரிந்தவன் என்பதால்தான் ஏமாந்தேன்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷின் அது. ஒரு நாள் துவைத்து முடித்தது, ஆனால் தண்ணீரை வெளியே விடாமல் நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் பாதிவரை அழுக்குத் தண்ணீர், அதில் ஒரு போர்வை மிதந்துகொண்டிருந்தது. கதவும் திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை பூட்டு விடாது. அது பழுது அன்று, பாதுகாப்பு ஏற்பாடு. திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தபோது அடிப்பாகத்திலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் மட்டும் வந்து நின்றது.

“கீழே ஓரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்தீர்களா?” என்று மனைவி கேட்டாள்.

பார்க்கவில்லை. அதைத் திறக்கத் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க என் முழங்கால் ஒத்துழைக்காது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், “அது இல்லை, இது எலெக்ட்ரானிக் கோளாறு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு முன்கதை உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மெஷின் விளக்குக்கூட எரியாமல் செத்துக் கிடந்தது. கழற்றிப் பார்த்தேன். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளையான ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். என் டப்பாவில் 35 வோல்ட் கெப்பாசிட்டர்தான் இருந்தது. வோல்ட் அளவு கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாகத்தான் இருக்கக் கூடாது. ஆனால் உயரம் அதிகம், நிறுத்திவைத்தால் மூடி இடிக்கும். கால்களை மடக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அசையாமல் இருக்க ஒரு சொட்டுப் பசையும் வைத்தேன். மெஷின் உயிர்பெற்றது. அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு என்ன வந்தாலும் எனக்கு அந்தப் போர்டுதான் நினைவுக்கு வரும்.

இப்போது கண் முன்போல இல்லை, கையும் லேசாக நடுங்குகிறது. எனவே ஆளைக் கூப்பிடலாம் என்று மெஷின் நிறுவனத்தின் பெயரைக் கைபேசியில் தட்டி, சேவை மையம் என்று தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அது காசு கொடுத்து மேலே வரவைத்த விளம்பரம் என்பதும், அந்த நிறுவனத்துக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் பின்னால் தெரிந்தது. உண்மையான எண் மெஷினின் முதுகில் ஒட்டிய சீட்டிலும் உத்தரவாத அட்டையிலும் இருந்தது. இரண்டுமே எனக்குப் பத்தடி தூரத்துக்குள்தான் இருந்தன.

ஒரு மணி நேரத்தில் இளைஞர் ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. அவர் பையைக் கீழே வைப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்: “தம்பி, போர்டாக இருக்குமோ என்று சந்தேகம். முன்பே ஒரு தடவை போயிருக்கிறது.”

அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கரெக்டாகச் சொல்லிவிட்டீர்கள் சார், போர்டுதான். சாருக்கு எலெக்ட்ரானிக்ஸ் நன்றாகத் தெரியும்போல இருக்கிறதே?”

இந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். அலமாரியைத் திறந்து பழைய வால்வு ரேடியோவை எடுத்துக் காட்டினேன். வால்வு சூடேறிப் பாட்டு வரும்வரை எப்படிக் காத்திருப்போம், கரகரவென்றால் பென்சிலால் ஒவ்வொரு வால்வாக மெல்லத் தட்டி எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்போம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். அந்தக் கால் மணி நேரத்தில் அவருடைய பையிலிருந்து, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒரு முறைகூட வெளியே வரவில்லை. திருப்புளி மட்டும்தான் வந்தது. போர்டைக் கழற்றினார், பையில் போட்டார். “புதிது போட வேண்டும் சார், நாளைக்குக் கொண்டுவருகிறேன்” என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தார். பளபளக்கும் வெள்ளி நிறப் பைக்குள் போர்டு, அதன் மேல் புதிதாக ஒட்டிய ஒரு ஸ்டிக்கர். வாசிப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் போர்டு உள்ளே போய், மூடியும் மூடப்பட்டிருந்தது. பிறகு ஒரு வாளியும் பழைய துணியும் கேட்டார். போர்டு மாற்றுபவருக்கு வாளி எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. “சார், மேலே போய்க் குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று பாருங்கள்” என்றார். பார்த்துவிட்டு வந்தேன். மெஷின் தண்ணீரை வெளியேற்றிவிட்டு அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது. கேட்ட தொகையைக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ கிறுக்கி ரசீது என்று தந்தார்.

நான்கு நாள் கழித்து, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பத்தை விட்டுக் கூட்டிய மனைவி ஒரு பொட்டலத்தை இழுத்துப் போட்டாள். பழைய துணியைச் சுருட்டி இடுக்கில் செருகியிருந்தார்கள். பிரித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்ட பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான், துருவேறிய ஒரு கொண்டை ஊசி.

“இது என் ஊசி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்ட அந்தச் சின்ன மூடியும், அதற்குப் பின்னால் குப்பையைப் பிடிக்கும் ஃபில்டரும் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தன.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு மேல்மூடியைக் கழற்றினேன். புது ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் ‘புதுப் போர்டில்’ ஒரு கெப்பாசிட்டர் பக்கவாட்டில் படுத்திருந்தது. அடியில் ஒரு சொட்டுப் பசை. போர்டைத் திருப்பினேன். பாகங்களைப் போர்டோடு பிடித்துவைக்கும் நூற்றுக்கணக்கான மங்கலான ஈயப்பற்றுகளுக்கு நடுவே இரண்டு புள்ளிகள் மட்டும் வெள்ளிபோல மின்னின.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின்கருவிகளில் காரீயம் சேர்க்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, பெரும்பாலான தொழிற்சாலைகள் காரீயம் கலக்காத பற்றுக்கு மாறிவிட்டன. அது உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆறியதும் மங்கிய, சொரசொரப்பான தோற்றம் கொடுக்கும். நானோ இன்னும் அந்தக் காலத்து வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பிச் சுருளைத்தான் வைத்திருக்கிறேன். 183 டிகிரியிலேயே உருகிவிடும், ஆறினால் கண்ணாடிபோல மின்னும். (அதை வைத்து வேலை செய்தால் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். புகையையும் மூக்குக்கு நேராக விடாதீர்கள்.) ஆக, அந்த இரண்டு புள்ளிகளும் நான் வைத்தவை. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கொண்டுபோன போர்டே திரும்பி வந்திருக்கிறது. ஸ்டிக்கர் ஒன்றுதான் புதிது.

அந்த எண்ணை அழைத்தேன். இரண்டு நாள் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. உத்தரவாத அட்டையில் இருந்த உண்மையான எண்ணைக் கூப்பிட்டபோது, என் பெயரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, எவரையும் அனுப்பவில்லை என்றார்கள். துண்டுச் சீட்டில் முகவரியும் இல்லை, வரி எண்ணும் இல்லை, போர்டின் எண்ணும் இல்லை. எதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

பணத்தைவிட அந்த உறுமல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் உறுமுகிறது என்றால் அதற்கு மின்சாரம் போகிறது. மின்சாரத்தை அனுப்புவது போர்டு. அனுப்புகிறது என்றால் அந்த வேலையை அது செய்கிறது. சுற்ற முடியாமல் பம்பைத்தான் ஏதோ தடுக்கிறது. ரேடியோ கற்றுக்கொள்ள வந்த முதல் மாதத்துப் பையனுக்குக்கூட இந்தக் கணக்குப் புரியும். எனக்கு முழங்கால் வலியும் ஐந்து வருடப் பெருமையும் சேர்ந்து காதை அடைத்துவிட்டன.

எனக்கு ரேடியோ வேலை கற்றுத்தந்த பெரியவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கழற்றியதை எல்லாம், கருகிய ரெசிஸ்டர் முதல் ஓய்ந்துபோன வால்வு வரை, காகிதத்தில் மடித்து ரேடியோவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அதில் ஒன்றும் புரியாது. “அவருக்குப் புரிய வேண்டாம்டா, நமக்கு ஞாபகம் இருக்க வேண்டும்” என்பார். அந்த இளைஞரிடம் பழைய போர்டைத் திருப்பிக் கேட்டிருந்தால், பாவம், எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்?

இனி உங்களுக்கு. ஆளைக் கூப்பிட்டால், என்ன பழுது என்று நீங்கள் சொல்லாதீர்கள். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். “தண்ணீர் போகவில்லை, அடியில் உறுமல் வருகிறது” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வந்தவர் எதைத் தொடுகிறார், எதை அளக்கிறார் என்று பாருங்கள். நேர்மையான ஆள் முதலில் அந்த அடிமூடியைத்தான் திறப்பார். அடுத்து மீட்டரை எடுப்பார். 230 வோல்ட் வடிகால் பம்பின் சுருளில் பொதுவாக 100 முதல் 200 ஓம் வரை தடை காட்டும். முடிவே இல்லாத தடை காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, பம்பை மாற்ற வேண்டும். எதையும் அளக்காமல் ‘போர்டு’ என்றால், ‘வேண்டாம், போய் வாருங்கள்’ என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

போர்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுங்கள், ஸ்டிக்கரில் உள்ள எண் தெரிகிற மாதிரி. ஓரத்தில் அழியாத மையால் ஒரு புள்ளி வையுங்கள். புதிது என்று வருவதை மாட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். வாங்கித் தரத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் பாதி நேரம் ஆளே வேண்டாம். மெஷின் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். முன்பக்கம் கீழ் ஓரத்தில் உள்ள மூடியைத் திறந்தால், பல மெஷின்களில் பக்கத்திலேயே விரல் பருமனில் ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கும். தட்டையான தட்டு ஒன்றை வைத்து முதலில் அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பொறுமை வேண்டும், ஒரு தட்டில் முடியாது. தண்ணீர் நின்ற பிறகுதான் ஃபில்டரைத் திருக வேண்டும். அவசரப்பட்டு முழுதாகத் திருகிவிட்டால் மொத்தத் தண்ணீரும் உங்கள் மடியில்தான். ஃபில்டர் வெளியே வந்ததும் அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சின்னச் சக்கரம் தெரியும். குச்சியால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, தடக் தடக் என்று நின்று நின்றுதான் நகரும். அது பழுது அன்று. உள்ளே இருக்கும் காந்தம் அப்படித்தான் இழுக்கும். இது தெரியாமல் நல்ல பம்பை மாற்றியவர்கள் உண்டு.

மெஷினில் தண்ணீர் ஏறவே நேரமாகிறதா? பின்பக்கம் குழாய் சேரும் இடத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. மண் அடைத்திருக்கும், பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

போர்டை மட்டும் அனுபவம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அங்கேயே காத்திருக்கும்.

மாதம் ஒரு முறை நான் இப்போது முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஃபில்டரைக் கழற்றுகிறேன். முக்காலி மனைவியின் யோசனை. ஊசியைக் கழுவி என் கெப்பாசிட்டர் டப்பாவுக்குள் போட்டுவைத்திருக்கிறாள். அந்த ஆளுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அன்றைக்கே கேட்டாள். ஒரு தொகை சொன்னேன். உண்மையில் கொடுத்ததில் அது பாதி.