மீனவர் என்றால் ஃபிஷர்மேன் மட்டும்தானா? தங்கச்சிமடம் டைப்பிங் சென்டரின் ஆங்கில மனு வேலை

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் இரண்டே கம்ப்யூட்டரோடு நடக்கும் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் மற்ற கடைகளில் உள்ளதுதான். தமிழில் எழுதிக் கொடுக்கும் மனு, பயோடேட்டா, பெயர்ப்பலகை வாசகம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் அடித்துத் தரும் வேலைக்காகத்தான் இந்த விமர்சனம். பக்கத்துக்கு 80 ரூபாய். காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கும்.

மீனவர், தலைவர், விண்ணப்பதாரர் என்று தமிழில் எழுதினால் அந்த 'அர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆங்கிலத்துக்குப் போனதும் மீனவர் ஃபிஷர்மேன் ஆகிறார், தலைவர் சேர்மேன் ஆகிறார், அடுத்த வரியில் 'ஹி' வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கே அப்படி அடிப்பதில்லை. ஃபிஷர் என்கிறார்கள். உணவு வேளாண்மை அமைப்பின் 2014 சிறு மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகளிலும் இதே சொல்தான். நகராட்சித் தலைவருக்குச் சேர்பர்சன் என்று போடுகிறார்கள்; 1992-இன் 74ஆவது திருத்தம் வழியாக அரசியலமைப்பிலேயே இருக்கும் சொல் அது. வாட்ச்மேன் செக்யூரிட்டி கார்டு ஆகிறார், ரேஷன் கடை சேல்ஸ்மேன் சேல்ஸ்பர்சன் ஆகிறார். பெண்ணுக்கு மிஸ்ஸா மிசஸா என்று கேட்காமல் எம்-எஸ் என்ற இரண்டெழுத்து போடுகிறார்கள். கல்யாணம் ஆனதா என்பது பயோடேட்டாவைப் படிக்கும் இறால் கம்பெனிக்கு எதற்கு?

'ஹி'யைக் கையாளும் விதம் இன்னும் நன்றாக இருக்கிறது. 'விண்ணப்பதாரர் தன் அட்டையைக் கொண்டுவர வேண்டும்' என்ற வரியைப் பன்மையாக்கி, அப்ளிகன்ட்ஸ், தெயர் என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹி ஆர் ஷி' என்று வரிக்கு வரி இழுப்பதில்லை.

கோளாறு வருவது அவசர வேலையில். சொல்லைத் தேடி மாற்றும் கன்ட்ரோல்-எச் அழுத்தி 'மேன்' என்பதைப் 'பர்சன்' என்று மொத்தமாக மாற்றினால் எம்-ஏ-என் வரும் இடமெல்லாம் மாறிப்போகும். மண்டபத்தின் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்று அவைதான், மன்னாருக்கும் அப்படியே. ராமநாதபுரத்தின் நடுவிலும் அதே மூன்று. மேனேஜரும் தப்புவதில்லை, இத்தனைக்கும் அந்தச் சொல் கை என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, ஆணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பன்மைக்காக எம்-இ-என் என்று தேடினால் டிபார்ட்மென்ட், பேமென்ட் இரண்டும் உடையும். 'ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி' டிக் செய்தால் ஊர்ப்பெயர்கள் பிழைக்கும், ஆனால் ஃபிஷர்மேன் சிக்காது. ஆகவே ஃபிஷர்மேன், ஃபிஷர்மென், சேர்மேன் என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, 'ரீப்ளேஸ் ஆல்' இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் சரி. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மாற்றக் கூடாத இடங்களிலும் இந்தக் கடை சறுக்குகிறது. மீனவர் நல வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் ஃபிஷர்மென் என்றே இருக்கிறது. அதை ஃபிஷர்ஸ் ஆக்கினால் வேறு வாரியம் போலத் தோன்றும். கூட்டுறவு சங்கத்தின் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே வர வேண்டும். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் பயோடேட்டாவில் சீமேன் என்பதற்குச் சீஃபேரர் என்று தாராளமாக எழுதலாம். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. ஆனால் சான்றிதழில் ஏபிள் சீமேன் என்று அச்சாகியிருந்தால் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. சரிபார்க்கிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்தில் கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் பெண்கள். மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதியில் பாசி எடுக்கத் தடை, வலை வீசும் ஆணுக்கு உள்ள அங்கீகாரம் தங்களுக்கு இல்லாதது என்று அவர்கள் மனு எழுதும்போது, பொதுச்சொல் அவர்களையே மறைத்துவிடுகிறது. சீவீட் கலெக்டர்ஸ் என்று மட்டும் அடித்தால் படிக்கிற அதிகாரி ஆண்களைத்தான் நினைப்பார். அங்கே விமன் சீவீட் கலெக்டர்ஸ் என்று முதல் வரியிலேயே வர வேண்டும். கடையில் கேட்டால் செய்துதருகிறார்கள், தாமாகச் செய்வதில்லை.

கொடுக்கும்போதே தமிழ்ப் பிரதியில் ஊர், சங்கம், வாரியம், சான்றிதழ்ப் பெயர்களுக்கு அடிக்கோடிட்டு, பெண் என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் வட்டம் போட்டுவிடுங்கள். மாற்றிய சொற்களை மஞ்சளில் காட்டி ஒரு டிராஃப்ட் பிரிண்ட் கேளுங்கள், 5 ரூபாய்தான். அதைப் பார்த்த பிறகு கையெழுத்துக்குப் போகலாம்.