தாலியைக் கழற்றச் சொல்லாத ஸ்கேன் சென்டர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்கு, மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுப்பதற்காக என் மாமியாரை அழைத்துச் சென்றிருந்தேன். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. கட்டணம் 1,800 ரூபாய். இடம் சுத்தமாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு அரை மணி கழித்துத்தான் அழைத்தார்கள்.

அந்த வாசலை மிதிக்கவே எங்களுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அத்தைக்கு வயது 58. விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டையில் கூறு கட்டி விற்பவர். பேரம் பேச வரும் எந்த ஆணிடமும் குரலைத் தாழ்த்தாதவர். அப்படிப்பட்டவர், இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதைப் பொங்கலிலிருந்து சித்திரை வரை யாரிடமும் சொல்லவில்லை. துணி மாற்றும்போது நானாகக் கவனித்துக் கேட்ட பிறகு, "பேரன் தலையால முட்டுனான், அதான் கட்டிக்கினு கீது" என்றார். நான் விடாமல் வற்புறுத்தியபோது, "நாலு புள்ளைக்குப் பால் குடுத்த மாரும்மா, அதுக்கு இன்னா வந்துடப் போவுது" என்று பேச்சை முடித்துவிட்டார். தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பது மெய்; அறவே நீக்கிவிடும் என்பது மெய்யல்ல. அடிபடுவதாலும் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை வடசென்னைக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணியிருந்தது தவறு. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மானுடவியலாளர் லியோ சாவேஸும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் குடியேறிய பெண்கள், மார்பில் படும் அடியும் முரட்டுத்தனமான தொடுகையும் புற்றுநோய்க்குக் காரணம் என்றே கூறியிருக்கிறார்கள். கன்னி மரியாளைப் போலப் பொறுமையும் தியாகமும் கொண்டு, தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்பவளே நல்ல பெண் என்று லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டில் நிலவும் எண்ணத்துக்கு ஆய்வாளர்கள் மரியானிஸ்மோ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அன்னை வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் ராயபுரத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் லத்தீன் இனப் பெண்களுக்கு இந்நோய் வரும் விகிதம் வெள்ளையரைவிடக் குறைவு. ஆனால் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது அவர்களிடையே அதிகம். கூச்சத்தோடு, மருத்துவக் காப்பீடு இல்லாமையும் மொழி தெரியாமையும் அங்கே சேர்ந்துகொள்கின்றன என்பதால், பழி முழுவதையும் பண்பாட்டின் மேல் போட்டுவிடவும் கூடாது.

இனி, அந்த சென்டரை நான் பாராட்டும் இடத்துக்கு வருகிறேன். மேமோகிராம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருந்தால் படத்தில் நிழல் விழும் என்பதால், நகைகளைக் கழற்றச் சொல்வதே வழக்கம். "மூளிக் கழுத்தோட நிக்க மாட்டேன்" என்று அத்தை பிடிவாதமாக நின்றார். படம் எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் வாதாடவில்லை, "கழட்ட வேணாம்மா, முதுகுப் பக்கம் தள்ளிக்கலாம்" என்று சொல்லி, தாலிச் சரட்டைப் பின்னால் திருப்பி, பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டார். காலையில் பூசிய பவுடரை ஈரத்துணியால் துடைத்து, அதன் துகள்கள் படத்தில், சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாகும் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரியக்கூடும் என்பதையும் விளக்கினார். ஒரு படத்தில் சரடு நழுவி உள்ளே விழுந்ததால் அதை மட்டும் மறுபடி எடுக்க நேர்ந்தது. இரு தட்டுகளுக்கு நடுவே மார்பு அழுந்தும் சில நொடிகள் வலிக்கும் என்று முன்கூட்டியே சொன்னதனால்தான், அத்தை பாதியில் எழுந்து வராமல் இருந்தார் என்பது என் கணிப்பு.

இத்தனை நயமும் அந்த அறைக்குள் மட்டுந்தான். வெளியே கவுன்டரில் இருந்த பையன், இருபது பேர் அமர்ந்திருந்த கூடத்தில், "மார்பு ஸ்கேன் யாரு?" என்று உரக்கக் கூவினான். அத்தை எழுந்திருக்கவே இல்லை, நான்தான் எழுந்தேன். முடிவு வந்தபோது, "கூட ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்டு, பிற்பகலில் எங்களை அழைத்துச் செல்ல வந்த என் கணவரிடம் உறையைக் கொடுத்து, அது வெறும் நீர்க்கட்டி என்பதையும் அவரிடமே சொன்னார்கள். தன் உடம்பின் செய்தியைத் தன் மகன் வாயால் கேட்க நேர்ந்த அத்தை, இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மற்றொரு குறை, மருத்துவரோ செவிலியரோ ஒருமுறைகூடக் கையால் பரிசோதிக்காமல் நேரே எந்திரத்தின் முன் நிறுத்திவிடுவது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருக்கிறது. பெரும் செலவில்லாத அந்தச் சோதனையை 1,800 ரூபாய்க்குள் சேர்த்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தம்மோடு மீன் விற்கும் இருவரை அத்தை அதே இடத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறார். கிளம்புவதற்கு முன், கவுன்டரில் அந்தப் பையன் இருக்கிறானா என்று போன் போட்டுக் கேட்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.